மைன்ஸ் இரும்பு

ஓர் ஆக்சிலுக்காக நான் மூன்று பேரை அடித்திருக்கிறேன். முதலில் என் தம்பியை, அடுத்து மெக்கானிக்கை, கடைசியில் என் வீட்டுக்காரரை. மூன்று பேருமே என்னிடம் உண்மையைச் சொன்னதற்காகத்தான் அடி வாங்கினார்கள். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. அடிக்கும்போது கொஞ்சம்கூட வெட்கமாக இல்லை என்பதையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

எனக்கு வாய்க்கு முன்னால் கை நீண்டுவிடும். அப்பாவிடமிருந்து வந்த கோபம் என்பார்கள் சொந்தக்காரர்கள். அப்பா கோபம் வந்தால் சோற்றுத் தட்டைத் தூக்கிச் சுவரில் அடிப்பார். நான் சோற்றை வீணாக்குவதில்லை, நேராக ஆளிடம் போய்விடுவேன். எங்கள் ஊரான வடக்குத்தில், எங்கள் தெருவில் குழாயடியில் என்னோடு வம்பு வளர்க்க யாருக்கும் துணிச்சல் கிடையாது. அதை மரியாதை என்று நான் பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பாவின் நிலம் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போனபிறகு, நிலம் கொடுத்த குடும்பம் என்கிற வகையில் ஒரு வண்டி கான்ட்ராக்ட் என் பெயரில் கிடைத்தது. நான்கு சக்கரமும் இழுக்கிற பழைய ஜீப். சுரங்கத்தின் அடியில் தேங்கும் தண்ணீரை இறைக்கிற பம்ப் ஆட்களைக் கீழே கொண்டுபோய் விட்டு, ஷிஃப்ட் முடிந்ததும் மேலே ஏற்றிக்கொண்டு வரவேண்டும். மழைக்காலத்தில் அந்தச் சரிவில் சாதாரண வண்டி இறங்காது. செம்மண்ணும் களிமண்ணும் குழைந்து சக்கரத்தைப் பாதிக்குமேல் விழுங்கிவிடும். ஓட்டுவது என் தம்பி. என்னைவிட ஒன்பது வயது சின்னவன். அம்மா போனபிறகு அவனுக்குச் சோறு போட்டு வளர்த்தவள் நான், அடித்து வளர்த்தவளும் நான்தான். இப்போது அவனுக்கு முப்பத்திரண்டு வயது. மனைவியும் பள்ளிக்கூடம் போகிற மகளும் இருக்கிறார்கள்.

அந்த ஐப்பசியில் மழை ஒரு வாரம் விடாமல் பிடித்துக்கொண்டது. ஒருநாள் காலை, நான்கு பம்ப் ஆட்களோடு சரிவில் ஏறிக்கொண்டிருந்தபோது பின்சக்கரம் புதைந்துவிட்டது. தம்பி அழுத்தி மிதித்திருக்கிறான். வண்டிக்கு அடியில் வெடி வைத்தாற்போல ஒரு சத்தம். பின்பக்க இழுப்பு அதோடு போய்விட்டது. முன்சக்கரங்களின் இழுப்பில் நொண்டி நொண்டி மேலே ஏறி, மெயின் ரோட்டிலிருந்த மெக்கானிக் பட்டறை வரை வண்டியைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டு எனக்குப் போன் செய்தான்.

நான் குழம்பை அடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டுப் போனேன். தகரக் கொட்டகையில் ஜீப்பைத் தூக்கி நிறுத்தியிருந்தார்கள். மெக்கானிக்குக்கு அறுபதை நெருங்கும் வயது, மூக்குக் கண்ணாடி, கண்ணாடிக்குக் கயிறு. தம்பி சேற்றில் ஊறிய பேண்ட்டோடு ஓரமாக நின்றான். "அக்கா, நான் ஒண்ணும்..." என்று ஆரம்பித்தான். மேற்கொண்டு சொல்ல நான் விடவில்லை. கன்னத்தில் விழுந்தது. சேற்றுத் துளி என் புடவையில் தெறித்தது. பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்த இரண்டு பேர் குனிந்த தலையை நிமிர்த்தாமல் போல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

"அடிக்காதம்மா, அவன் மேல தப்பில்ல," என்றார் மெக்கானிக். உடைந்த துண்டை என் முன்னால் நீட்டினார். "இங்க பாரு. இந்தப் பக்கம் கறுத்து துருப் புடிச்சி கெடக்குது. இது பழைய விரிசல். பல மாசமா உள்ளயே வுட்டுகினு வந்திருக்குது. இதோ ஓரத்துல இந்த வெள்ளையா மினுக்கறது மட்டும்தான் இன்னிக்கி ஒடஞ்சது. அவன் மிதிக்காம இருந்தாலும் நாளைக்கி ஒடஞ்சிதான் இருக்கும்."

தேங்காய் உடைத்தாற்போல இரண்டு நிறம் தெளிவாகத் தெரிந்தது. தம்பியின் கன்னத்தில் என் விரல்களும் தெளிவாகத் தெரிந்தன. மன்னிப்புக் கேட்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. அடித்தது தப்பு என்று தெரிந்ததும் எனக்குக் கோபம் குறையவில்லை, கூடிற்று.

ஆக்சில் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஜீப்பின் பின்பக்கம் குறுக்காக ஓர் இரும்புக் கூடு இருக்கும். அதற்குள் வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று என்று இரண்டு தண்டுகள். ஒவ்வொரு தண்டும் தோளிலிருந்து விரல் வரை ஒரு கை நீளம். நடுவிலுள்ள பல்சக்கரத்திலிருந்து சுழற்சியை வாங்கி, சக்கரத்துக்குக் கொடுப்பது அந்தத் தண்டுதான். எங்கள் ஜீப்பில் சக்கரத்தைப் பிடித்து வைத்திருப்பதும் அதேதான். உள்பக்கம் உடைந்தால் இழுப்பு மட்டும் போகும், அவ்வளவுதான். சக்கரத்துக்குப் பக்கத்தில் உடைந்தால் சக்கரம் தனியே கழன்று போய்விடும்.

"ரெண்டு வழி இருக்குதும்மா," என்றார் மெக்கானிக். "கம்பெனி ஆக்சிலு புதுசா வரவழைக்கலாம், பழைய மாடலு, வர்றதுக்கு நாளாகும். இல்லன்னா திருவதிகை பக்கம் பழைய வண்டி ஒடைக்கிறவங்க இருக்காங்க. இதே ஜீப்பு ரெண்டு நிக்குது. அதுல ஒண்ணு நானே போய்ப் பாத்து எடுத்தாறன்."

பழைய ஆக்சிலை எப்படிப் பார்த்து எடுப்பது என்று நான் கேட்காமலே அவர் விளக்கினார். முதலில் உள்பக்கத்துப் பற்களை எண்ண வேண்டும். பிறகு பேரிங் உட்காரும் இடத்தை விரலால் தடவிப் பார்க்க வேண்டும், பள்ளம் இருக்கக்கூடாது. கண்ணாடிப் பலகைமேல் உருட்டினால் கோணல் தெரிந்துவிடும். மண்ணெண்ணெயில் நனைத்து, துடைத்து, சுண்ணாம்புத் தூள் பூசி வைத்தால், விரிசல் இருக்கும் இடத்தில் எண்ணெய் கசிந்து கோடு போடும். கடைசியில் கம்பியில் கட்டித் தொங்கவிட்டுச் சுத்தியலால் தட்ட வேண்டும். நல்ல தண்டு மணிபோல் இழுத்துப் பாடுமாம். தம்பி கன்னத்தைத் தேய்த்துக்கொண்டே எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டான். "அந்தப் பழசே நல்லதுக்கா. ஒரிஜினலு," என்றான்.

"நீ பேசாத," என்றேன். "மறுபடியும் ஒடையாத ஒண்ணா போடணும். இவன் எவ்ளோ மிதிச்சாலும் ஒடையக்கூடாது."

அவன் உடைக்கவில்லை என்று காட்டியபிறகும் இப்படித்தான் பேசினேன். அவனை அடித்ததற்கு ஒரு நியாயம் வேண்டியிருந்தது எனக்கு.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் ஒரு சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். சுரங்கத்துக் கன்வேயரில் கான்ட்ராக்ட் ஃபிட்டர் அவர். மண்ணையும் கரியையும் சுமந்துபோகும் ரப்பர் பெல்ட் வரிசையாக ரோலர்கள்மேல் ஓடும். பழசான ரோலர்களை ஏலத்தில் எடுத்து விற்கிற காயலாங்கடை ஒன்று எங்கள் ஊர் வழியில் உண்டு. அங்கிருந்து ஒரு ரோலரின் நடுத்தண்டைக் கொண்டுவந்திருந்தார். வாசலில் போட்டதும் தரை அதிர்ந்தது. கைக்கு அடங்காத கனம், துருவைச் சுரண்டினால் உள்ளே பளபளப்பு.

"மைன்ஸ் இரும்பு," என்றார் பெருமையாக. "எத்தினியோ வருஷமா ராவும் பகலும் மண்ணு சொமந்தது. ஒரு வளைசல் இருக்குதா பாரு. இத்த லேத்துல குடுத்துக் கடஞ்சிக்கினா ஜென்மத்துக்கும் ஒடையாது."

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு மைன்ஸ் இரும்பு என்றால் சாமி. கடை இரும்பைத் தகரம் என்போம். வீட்டு கேட்டுக்குக் கால் நடுவது சுரங்கத்துப் பைப்பில். மாட்டுக்கொட்டகைத் தரைக்குக் கன்வேயர் பெல்ட்டு. கல்லைப் பெயர்க்கக் கடப்பாரை வேண்டுமென்றாலும் அங்கிருந்து வந்த கம்பியைத்தான் தேடுவோம். நடுப்பகலில் சுரங்கத்தில் வெடி வைக்கும்போது என் வீட்டுச் சுவர் ஒவ்வொரு தடவையும் உதறும். சமையலறைச் சுவரில் மேலிருந்து கீழே விரல் நுழைகிற விரிசல் விட்டிருக்கிறது. ஆனால் வாசல் கேட்டின் கால் இம்மியும் அசைந்ததில்லை. அதைத் தினமும் பார்க்கிறவளுக்கு, இரும்பில் வகை உண்டு, ஒன்றுக்கு ஆனது இன்னொன்றுக்கு ஆகாது என்றெல்லாம் எப்படித் தோன்றும்? எனக்குத் தோன்றவில்லை. கேட்டதும் அப்படியே பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் காலை அந்தத் தண்டோடு பட்டறைக்குப் போனேன். மெக்கானிக் அதைத் தூக்கிப் பார்த்தார், உருட்டிப் பார்த்தார், கீழே வைத்தார்.

"இது ஆவாதும்மா," என்றார். "ரோலருல மேல இருக்கிற பைப்புதான் சுத்தும். இந்தத் தண்டு ரெண்டு பக்கமும் மாட்டிகினு சும்மா நிக்கும். ஒரு வேலயும் செய்யாம நின்னுகினே இருந்த தண்டு இது. பாரம் தாங்கும், முறுக்குத் தாங்காது. ஆக்சிலுக்கு முறுக்குதான் வேலயே. கொஞ்சம் முறுக்கி, திரும்பி தன் நெலைக்கி வரணும். இது வராது. மெத்து இரும்பும்மா, கெட்டி பத்தாது."

"மைன்ஸ் இரும்பு மெத்துன்னு சொல்ற மொத ஆளு நீதான்," என்றேன்.

"மைன்ஸ்ல இருந்து வந்தா எல்லாம் ஒரே இரும்பா? ஓட்றவன் உன் தம்பிம்மா. அவன் உசிரு அது மேலதான் ஒக்காந்துகினு போவுது. வூட்ல இருக்கிற நீங்க வீம்புக்கு முடிவு பண்ணா..."

வீம்பு என்ற சொல்தான் காதில் விழுந்தது. உசிர் என்று அதற்கு முன்னால் சொன்னது விழவேயில்லை. கை எப்போது எழுந்தது என்று எனக்குத் தெரியாது. அறை விழுந்து, கண்ணாடி காம்பில் விரிசல் விட்டு, கயிற்றோடு அறுந்து, வடித்து வைத்திருந்த கழிவெண்ணெய்ச் சட்டிக்குள் போய் விழுந்தது. அப்பா வயதில்லாவிட்டாலும் மூத்த அண்ணன் வயது அவருக்கு. நான் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். பட்டறையில் சுத்தியல் சத்தம் நின்றது. தம்பி ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

மெக்கானிக் குனிந்து கண்ணாடியை எடுத்தார். துணியில் துடைத்தார். துடைக்கத் துடைக்க எண்ணெய் பரவிற்று. அப்படியே மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். "செய்றன்மா. நீங்க போங்க," என்றார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

மூன்றாவது அடி அன்று மாலை. நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் தட்டின் முன்னால் உட்கார்ந்து, தோசையைப் பிய்க்காமல் விரலால் அளந்துகொண்டிருந்தார். "இந்தா, எங்க செக்சன்ல கேட்டன்," என்றார் மெதுவாக. "அந்தத் தண்டு மெத்துதானாம். பெரிய ஃபிட்டரே சொல்றாரு. லேத்துக்குக் குடுத்தாச்சிதான், இருந்தாலும் வாணான்னு சொல்லிட்டு வந்துடட்டா?"

கொண்டுவந்தது அவர். ஜென்மத்துக்கும் உடையாது என்றதும் அவர். அதை நம்பி ஒரு பெரிய மனிதரை நான் அறைந்து முடித்தபிறகு வந்து மெத்து என்கிறார். கையில் இருந்தது தோசைத் திருப்பி, கல்லிலிருந்து அப்போதுதான் எடுத்தது. அவருடைய முன்கையில் அதன் பட்டையான முனையை வைத்து இழுத்தேன். அடித்தேன் என்று மேலே எழுதியது கொஞ்சம் மரியாதையான சொல். சுட்டேன். தோல் பொரிகிற வாசனை தோசை வாசனையோடு கலந்து வந்தது. அவர் எழுந்துபோய் தண்ணீர்த் தொட்டியில் கையை விட்டுக்கொண்டு நின்றார். திரும்பி வந்து, "உன் இஷ்டம்," என்றார். எங்கள் வீட்டில் எல்லாச் சண்டையும் அந்த இரண்டு சொல்லில்தான் முடியும்.

அதற்குப் பிறகு யாரும் எதுவும் சொல்லவில்லை. லேத்தில் கடைந்து, பல் வெட்டி, காய்ச்சி எண்ணெயில் முக்கி எடுத்து, மெக்கானிக்கே மாட்டிக்கொடுத்தார். ஜீப் சரிவில் இறங்கிற்று, ஏறிற்று. மூன்றாம் நாள் எதிர்வீட்டுக்காரியிடம், "கம்பெனிக்காரன் என்னா கம்பெனிக்காரன், நான் போட்டிருக்கேன் பாரு ஆக்சிலு," என்று வாசலில் நின்று பேசினேன். சாப்பாட்டு நேரத்தில் எங்கள் வீட்டுக்கு வரும் தம்பியிடம், "எப்பிடி இருக்குது?" என்று கேட்பேன். "நல்லா இருக்குதுக்கா," என்பான். தட்டைப் பார்த்துக்கொண்டு சொல்வான். அவன் எப்போதுமே தட்டைப் பார்த்துத்தான் பேசுவான் என்பதால் நான் அதில் எதையும் கவனிக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மேல்பட்டாம்பாக்கத்தில் என் சின்ன நாத்தனார் வீட்டில் காதுகுத்து. போகலாமா வேண்டாமா என்று இருந்தேன். வீட்டுக்காரர் இரண்டு நாளாக, "நீ போய்ட்டு வா, நாள் பூரா இருந்துட்டு வா, வூட்ட நான் பாத்துக்கறன்," என்று சொல்லிக்கொண்டிருந்தார். தம்பியும் சொன்னான். எனக்கு ஓய்வு வேண்டும் என்று எல்லோருக்கும் இவ்வளவு அக்கறையா என்று மனசுக்குள் குளிர்ந்துபோனேன். பட்டுப்புடவையை எடுத்து மடிப்பு நீவி வைத்தேன்.

சனிக்கிழமை மதியம் இரண்டு மணி ஷிஃப்ட் மாறும் நேரம். புது ஆட்களைக் கீழே விட்டுவிட்டு, பழைய ஆட்களை ஏற்றுவதற்கு முன்னால், டீசல் டின் எடுக்க ஒரு நடை மேலே வந்து திரும்பச் சரிவில் இறங்கியிருக்கிறான். தனியாக. இடது பின்சக்கரம் ஆக்சில் துண்டோடு கழன்று வெளியே வந்தது. சக்கரம் ஜீப்பைத் தாண்டி முன்னால் உருண்டு ஓடியதைக் கீழிருந்து பம்ப் ஆட்கள் பார்த்திருக்கிறார்கள். அதைப் பார்த்துச் சிரித்ததாகவும் ஒருவர் பிறகு என்னிடம் அழுதுகொண்டே சொன்னார். சிரிப்பு முடிவதற்குள் ஜீப் ஒருபக்கம் குத்தி, புரண்டு, மண்ணைக் கிழித்துக்கொண்டு வந்து, தண்ணீர் ஓடும் கால்வாயில் தலைகீழாக நின்றது. மேலே பாதுகாப்புக்காகப் போட்டிருந்த இரும்புச் சட்டம் அவனுடைய இடது தொடையின்மேல் இருந்தது. அதைத் தூக்க ஏழு பேர் வேண்டியிருந்தது.

சுரங்கத்து டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில் நான் பார்த்தபோது அவன் முகம் முழுக்கச் செம்மண். வெட்டி எடுத்த பேண்ட்டுக்குள் தொடை இருக்க வேண்டிய இடத்தில் எலும்பு வெள்ளையாக வெளியே நின்றது. அவன் மனைவி சுவரில் தலையை மோதிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் மோதுவதை நிறுத்திவிட்டாள். நான் திட்டுவேன் என்று நிறுத்தியிருக்கிறாள். அன்றே அவனைப் பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். காலைக் காப்பாற்றிவிடலாம் என்றார்கள். பாதத்தில் உணர்ச்சி வருமா, மறுபடி கிளட்ச் மிதிப்பானா என்று கேட்டபோது, அதைப் பிறகு பார்க்கலாம் என்றார்கள்.

எனக்கு அழுகை வரவில்லை. யார் காரணம் என்பது ஒன்றுதான் மண்டைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. யார் என்பதையும் முடிவு செய்துவிட்டேன். அந்த மெக்கானிக். அறைந்ததை மனசில் வைத்துக்கொண்டு, வேண்டுமென்றே அரைகுறையாக மாட்டியிருக்கிறான். திங்கட்கிழமை விசாரணையெல்லாம் முடிந்து ஜீப்பை இழுத்து வந்து அதே பட்டறையில் போட்டார்கள் என்று தெரிந்ததும் பஸ் ஏறி வந்தேன்.

ஜீப் முகம் நசுங்கிக் கிடந்தது. பக்கத்தில் மண்ணில் அந்த ஆக்சில் இரண்டு துண்டாகக் கிடந்தது. நேராக வெட்டியிருந்த பற்கள் ஈரத்துணியைப் பிழிந்தாற்போல முறுக்கிப் போயிருந்தன. சக்கரத்துப் பக்கத் துண்டு கைக்குக் கச்சிதமாக இருந்தது. அதை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குள் போனேன். இந்தத் தடவை கையால் அடிக்க வரவில்லை. அவருடைய மண்டையைப் பிளக்கத்தான் வந்தேன். எந்த இடத்தில் போடுவது என்றுகூடப் பார்த்துக்கொண்டே போனேன்.

"என் தம்பிய கொன்னுட்டியேடா," என்றேன்.

அவர் ஓடவில்லை. ஒயர் சுற்றி ஒட்டவைத்த அதே கண்ணாடியோடு நின்றார். "அடிம்மா," என்றார். "மாட்டினது நான்தான். அடிக்குப் பயந்துகினு தப்புன்னு தெரிஞ்சே மாட்டினன். அடி. அதுக்கு முன்னால ஒண்ண பாத்துட்டு அடி."

உள்ளே போய், சாக்கில் சுற்றிய எதையோ தூக்க முடியாமல் தூக்கி வந்து பெஞ்சின்மேல் வைத்தார். பிரித்தார். கிரீஸ் பூசிய ஓர் ஆக்சில். வளைவு இல்லை, பள்ளம் இல்லை. ஒரு முனையில் சாக்பீஸால் எங்கள் ஜீப்பின் நம்பர் எழுதியிருந்தது. கையெழுத்து என் தம்பியுடையது.

"மாட்டின நாலாம் நாளே உள்ள டக்கு டக்குன்னு சத்தம் கேக்குதுன்னு உன் தம்பி வந்தான். நானும் அவனும் உன் வூட்டுக்காரரும் திருவதிகைக்குப் போயி, ரெண்டு வண்டியக் கழட்டிப் பாத்து, இத்த எடுத்தாந்தம். சுண்ணாம்பு பூசிப் பாத்தாச்சி, தட்டிப் பாத்தாச்சி. அன்னிக்கே மாத்தியிருக்கலாம். வண்டி ஒருநாள் நின்னா உனக்குத் தெரிஞ்சிபூடும். ஏன் நிக்குதுன்னு கேப்ப. உன் வூட்டுக்காரருதான் சொன்னாரு, ஞாயித்துக்கெழம காதுகுத்துக்கு அனுப்பி வச்சிடறன், அன்னிக்கி சத்தமில்லாம மாத்திடலாம்னு. மாத்திட்டு, இன்னும் மைன்ஸ் இரும்புதான் ஓடுதுன்னு உங்கிட்ட சொல்லிக்கலாம்னு. அதுவரைக்கும் மெள்ளமா ஓட்டுடான்னு சொல்லித்தான் அனுப்பனம். ஒருநாள்தான் இருந்துது."

கையிலிருந்த துண்டு கனத்தது. கீழே போடவும் தோன்றவில்லை. மூன்று ஆண்பிள்ளைகள், ஒருவர் கையில் கொப்புளம், ஒருவர் கண்ணாடியில் ஒட்டு, ஒருவன் என் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டு, ஓர் இரும்புத் துண்டைத் திருட்டுப் பொருள்போல் என்னிடமிருந்து மறைத்து வைத்திருக்கிறார்கள். நல்ல ஆக்சில் ஒன்று ஒரு வாரமாக என் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் சாக்குக்குள் கிடந்திருக்கிறது. என் தம்பி அது தெரிந்தே, சத்தம் கேட்டுக்கொண்டே, தினமும் அந்தச் சரிவில் இறங்கியிருக்கிறான். செத்தாலும் பரவாயில்லை, அக்காவிடம் சொல்ல முடியாது என்று இறங்கியிருக்கிறான்.

அழுதேன். மெக்கானிக் என்னிடமிருந்து அந்தத் துண்டை வாங்கி ஓரமாக வைத்தார். உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. என்னை மன்னிச்சிடுண்ணா என்று சொல்ல வாய் திறந்தது, வார்த்தை வரவில்லை. நாற்பத்தொரு வயதில் முதல் முறையாக ஒன்றைச் சொல்வது லேசில்லை. சொல்லாமலே பஸ் ஏறிவிட்டேன்.

மறுநாள் காலை பாண்டிச்சேரியில் டாக்டர் வார்டுக்கு வந்தார். தம்பி கண் திறந்து படுத்திருந்தான். காலுக்கு வெளியே கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன. தலைமாட்டில் அவன் மனைவி, கால்மாட்டில் என் வீட்டுக்காரர், முன்கையில் துணிக்கட்டு. நான் ஜன்னல் பக்கம்.

"தொடை எலும்புக்கு உள்ள ராடு வைக்கணும்," என்றார் டாக்டர். "ஸ்டீல்ல இருக்கு, டைட்டானியத்துல இருக்கு. ரெண்டும் நல்லதுதான், ரெண்டுலயும் சாதக பாதகம் உண்டு." அவற்றையும் பொறுமையாக விளக்கினார். "எதுன்னு நீங்க முடிவு பண்ணிச் சொன்னா நாளைக்கு வச்சிடலாம்."

டாக்டர் எல்லோரையும் பொதுவாகப் பார்த்துத்தான் கேட்டார். தம்பி மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள். வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். எனக்கு எது நல்லது என்று ஏற்கெனவே தோன்றியிருந்தது என்பதுதான் கொடுமை. நாக்கு நுனியில் நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"நீங்க சொல்லுங்க," என்றேன் வீட்டுக்காரரிடம்.

"உன் இஷ்டம்," என்றார்.

தம்பி மனைவியிடம், "உன் புருசன்டீ, நீ சொல்லு," என்றேன். "நீங்க பாத்து சொன்னா சரிதான் அண்ணி," என்றாள். இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டு சொன்னாள். அந்தப் பெண்மீது நான் ஒருநாளும் கை வைத்ததில்லை. வைத்தவர்களைப் பார்த்தே கற்றுக்கொண்டிருக்கிறாள்.

நான் டாக்டரிடம் சொன்னேன். "கால் அவனோடதுங்க டாக்டர். அவனுக்கு நல்லா நெனவு இருக்குது. அவனையே கேளுங்க. நான் வெளிய நிக்கறன்." வராந்தாவுக்கு வந்து சுவரில் சாய்ந்துகொண்டேன். கதவு முழுதாகச் சாத்தவில்லை. டாக்டர் மறுபடியும் முதலிலிருந்து விளக்குவது கேட்டது. பிறகு, "உங்களுக்கு எது வேணும், நீங்க சொல்லுங்க," என்றார்.

அதன்பிறகு என் தம்பி தணிந்த குரலில் கேட்டான்.

"அக்கா எத்த சொன்னாங்க டாக்டர்?"